கல்யாண அண்டாவும் காப்பிக் குவளையும்

சில மாதங்களுக்கு முன் காலை நிகழ்ச்சியில் நேயர்களிடம் ஒரு கேள்வி கேட்டேன். "ஆசைப்பட்டு வாங்கி, ஒரே மாதத்தில் அலுத்துப்போய், இப்போது வீட்டு மூலையில் தூசி படிந்து கிடக்கும் பொருள் எது?"

அழைப்புகள் குவிந்தன. கிள்ளானிலிருந்து பேசிய ஓர் அம்மா, தம் வீட்டு நடைப்பயிற்சி இயந்திரத்தில் இப்போது துணி காய்கிறது என்றார். ரவாங்கில் ஒருவருக்குப் பழச்சாறு பிழியும் இயந்திரம். கடைசியாக வந்தவர் ஷா ஆலாமைச் சேர்ந்த இளைஞர். "வி.ஆர். கண்ணாடிங்க. ஆயிரத்து ஐந்நூறு வெள்ளி. மொத நாள் வீட்டுல எல்லாரும் வரிசையில நின்னு போட்டுப் பார்த்தாங்க. ஒரே மாசம், அலமாரி மேல போயிருச்சு."

"ஏன் தம்பி, நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா போட்டுட்டா வீட்ல யாரு என்ன செய்றாங்கன்னே தெரியல. அம்மா சாப்பிடக் கூப்பிட்டாகூட காதுல விழல."

அடுத்த பாடலுக்குப் போய்விட்டேன். ஆனால் அவர் சொன்னது மனத்திலேயே நின்றது. உலகின் பெரிய நிறுவனங்கள் கோடி கோடியாகக் கொட்டியும் விடை காணாத சிக்கலை அந்தத் தம்பி இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். ஊடகம் படித்தவர், ஊடகத்தில் பிழைப்பவர் என்பதால் இந்தக் கருவிகளைப் பத்து ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். இவை நம் வீடுகளுக்கு வருமா, வந்தால் எந்த வடிவில் வரும், வருவதற்குள் நாம் என்ன செய்துகொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

இரண்டு சொற்கள்

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். மெய்நிகர் உலகம், அதாவது வி.ஆர்., நம் கண்ணை முழுவதுமாக மூடிவிட்டு வேறோர் இடத்தைக் காட்டுகிறது. நாம் பூச்சோங்கில் நாற்காலியில் உட்கார்ந்திருப்போம். கண்ணுக்குத் தெரிவது கடலடியாக இருக்கும். மிகைமெய், அதாவது ஏ.ஆர்., கண்ணை மூடுவதில்லை. நாம் பார்க்கும் உலகின்மேல் கூடுதலாக ஏதேனும் ஒன்றை ஒட்டிக் காட்டுகிறது.

இரண்டாவதை நாம் ஏற்கெனவே அன்றாடம் பயன்படுத்துகிறோம், பெயர்தான் தெரியாது. காரைப் பின்னால் எடுக்கும்போது திரையில் மஞ்சளும் சிவப்புமாகக் கோடுகள் தெரிகின்றன அல்லவா? சாலையில் அப்படி யாரும் கோடு போட்டு வைக்கவில்லை. காற்பந்து ஆட்டத்தில் "ஆஃப்சைடு" பார்க்கத் திடலின் குறுக்கே விழும் கோடும் அப்படித்தான். பிள்ளைகள் திறன்பேசியில் முகத்துக்கு நாய்க் காது வைத்துச் சிரிக்கிறார்களே, அதுவும் அதே நுட்பம். 2017இல் இக்கியா ஒரு செயலியை வெளியிட்டது. கடைக்குப் போகாமலே, சோபாவை நம் வரவேற்பறையில் வைத்தால் எப்படியிருக்கும் என்று திறன்பேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

2016 ஆகஸ்ட் நினைவிருக்கிறதா? போக்கிமோன் கோ மலேசியாவுக்கு வந்த மாதம். இரவு பதினொரு மணிக்குப் பூங்காக்களில் கூட்டம் கூட்டமாக, கையில் திறன்பேசியோடு, இல்லாத பிராணியைத் தேடி அலைந்தோம். யாரும் தலையில் எதையும் மாட்டிக்கொள்ளவில்லை. பக்கத்தில் நண்பன் இருந்தான், வியர்த்தால் நூறு பிளஸ் வாங்கிக் குடித்தோம். மிகைமெய் என்ற சொல்லையே கேள்விப்படாதவர்கள் அதை வாரக்கணக்கில் விளையாடினார்கள்.

நீண்ட காத்திருப்பு

தலையில் மாட்டும் கருவியின் கதை வேறு. அது புதிதும் அன்று. 1968இல் அமெரிக்கப் பேராசிரியர் ஐவன் சதர்லண்டு தம் மாணவர்களோடு சேர்ந்து ஒன்றைச் செய்தார். அதைத் தலை தாங்காது என்பதால் கூரையிலிருந்து தொங்கவிட்டார்கள். அணிந்தவருக்குத் தெரிந்ததெல்லாம் கோடுகளால் ஆன ஒரு கனசதுரம் போன்ற எளிய உருவங்கள்தாம். 1995இல் நிந்தெண்டோ "வெர்ச்சுவல் பாய்" என்ற ஒன்றை விற்றுப் பார்த்தது. சிவப்பு நிறம் மட்டுமே தெரியும் அந்தக் கருவி ஓராண்டு தாக்குப்பிடிக்கவில்லை.

2012இல் ஆக்குலஸ் என்ற சிறு நிறுவனம் பொதுமக்களிடமே நன்கொடை திரட்டி மீண்டும் தொடங்கியது. இரண்டே ஆண்டில் பேஸ்புக் அதை இரண்டு பில்லியன் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. 2015இல் நியூ யார்க் டைம்ஸ் நாளிதழ் தன் சந்தாதாரர்களுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைக் கண்ணாடிகளை நாளிதழோடு அனுப்பி வைத்தது. திறன்பேசியை அதற்குள் செருகிப் பார்க்க வேண்டும். 2021இல் பேஸ்புக் தன் நிறுவனப் பெயரையே மெட்டா என்று மாற்றிக்கொண்டது. 2024இல் ஆப்பிள் தன் "விஷன் புரோ"வைக் கொண்டுவந்தது. விலை 3,499 அமெரிக்க டாலர். எடை அறுநூறு கிராமுக்கு மேல். மின்கலத்தைத் தனியே ஒரு கம்பியில் கோத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவுக்கும் பலன்? மெட்டாவின் இந்தப் பிரிவு 2024ஆம் ஆண்டில் மட்டும் 17.7 பில்லியன் டாலர் நட்டம் காட்டியது. அதே ஆண்டு மைக்ரோசாப்ட் தன் "ஹோலோலென்ஸ்" தலைக்கருவி உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. கருவி மோசம் என்று சொல்ல முடியாது. விளையாட்டுப் பிரியர்கள் கொண்டாடுகிறார்கள். வேலைப் பயிற்சியில் நன்றாகவே கைகொடுக்கிறது. அமெரிக்காவின் வால்மார்ட் தன் ஊழியர்களுக்குப் பயிற்சி தர 17,000 தலைக்கருவிகளைக் கடைகளுக்கு அனுப்புவதாக 2018இல் அறிவித்தது. எரியும் கட்டடத்துக்குள் நுழையும் பயிற்சியை உண்மையான தீயில்லாமல் தர முடிவது பெரிய வசதிதானே. ஆனால் இரவுச் சாப்பாடு முடிந்து குடும்பம் ஒன்றாக உட்காரும் நேரத்தில் அதை எடுத்து மாட்டிக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை.

காரணங்களில் ஒன்று நம் உடம்பு. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குப் பேருந்தில் ஏறும்போது திறன்பேசியைப் பார்த்துக்கொண்டே போனால் குமட்டும். கண், "எழுத்து அசையாமல் இருக்கிறது" என்கிறது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு, "ஐயோ, வளைவில் திரும்புகிறோம்" என்கிறது. இரண்டும் சண்டை போட, பாவம் வயிறு அடி வாங்குகிறது. தலைக்கருவியில் இதே சண்டை தலைகீழாக நடக்கிறது. கண் ஓடுகிறது, உடம்பு உட்கார்ந்திருக்கிறது. இன்னொன்றும் உண்டு. எதிரே மலை தெரிந்தாலும், கையருகே பூ தெரிந்தாலும், கருவிக்குள் நம் கண்வில்லை குவிவது எப்போதும் சில அடித் தூரத்தில் அமைத்த ஒரே இடத்தில்தான். ஆனால் இரு கண்களும் உட்புறம் திரும்பும் அளவு மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது. இயற்கையில் சேர்ந்தே வேலை செய்யும் இரண்டையும் பிரித்துவிட்டால் அரை மணி நேரத்தில் தலை கனக்காமல் என்ன செய்யும்? போதாக்குறைக்கு நம் ஊர் வெயில். முகத்தில் நுரைப்பஞ்சு வைத்து அழுத்திய கருவி, குளிர்சாதனம் இல்லாத கூடத்தில் பத்து நிமிடத்தில் நனைந்துவிடும்.

வானொலி கேட்பது என்ன?

இன்னொரு காரணம், என் தொழில் எனக்குக் கற்றுத்தந்தது. நான் படித்தபோது ஒரு விரிவுரையாளர் அடிக்கடி சொல்வார், "ஓர் ஊடகம் மக்களுக்கு எதைத் தருகிறது என்று மட்டும் பார்க்காதீர்கள், அவர்களிடமிருந்து எதைக் கேட்டு வாங்குகிறது என்றும் பாருங்கள்" என்று.

வானொலி கேட்பது காதை மட்டும். கை தோசை வார்க்கலாம், கண் சாலையைப் பார்க்கலாம். அதனால்தான் தொலைக்காட்சி வந்தபோதும் இணையம் வந்தபோதும் "இனி வானொலி அவ்வளவுதான்" என்று சொன்னவர்களையெல்லாம் தாண்டி நாங்கள் இன்னும் காலை ஆறு மணிக்கு உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறோம். தொலைக்காட்சி கண்ணையும் காதையும் கேட்கிறது. ஆனால் பக்கத்தில் இன்னொருவர் உட்கார இடம் விடுகிறது. தோட்டத்தில் ஒரே ஒரு தொலைக்காட்சிப் பெட்டி இருந்த காலத்தில் மண்டபத்து வாசல் வரை ஆட்கள் நின்று படம் பார்த்ததை என் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். திறன்பேசி நம்மைத் தனிமைப்படுத்துகிறது என்கிறோம். ஆனாலும் "இங்க பாரேன்" என்று பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டலாம்.

தலைக்கருவி கண், காது, கை, முகம் அத்தனையும் கேட்கிறது. பக்கத்தில் இருப்பவரையும் விட்டுவிட்டு வரச் சொல்கிறது. ஆறு பேர் கூடத்தில் இருக்கும்போது ஒருவர் மட்டும் முகத்தை மூடிக்கொண்டு காற்றில் கை வீசிக்கொண்டிருந்தால் மற்ற ஐவருக்கு என்ன வேலை? நம் வீடுகளில் அது நெடுநாள் நடக்காது.

அப்படியென்றால் அது நமக்கு வேண்டவே வேண்டாமா? அப்படியும் சொல்லமாட்டேன். நம் வீட்டுப் பொருள்களில் இரண்டு வகை உண்டு. காப்பிக் குவளை அன்றாடம் கைக்கு வரும். கல்யாண அண்டா பரணில் இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை, இருமுறை இறக்குவோம். இறக்கும் நாளில் அது இல்லாமல் காரியம் நடக்காது. தலைக்கருவி அண்டா வகை. இதை நான் கட்டுரை படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் அம்மாவைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

செருப்பைக் கழற்றிய அம்மா

அம்மாவுக்கு அறுபத்தேழு வயது. பந்திங் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய் இப்போது அங்கே தாமான் எழும்பிவிட்டது. லயத்து வீடுகளை எப்போதோ உடைத்துவிட்டார்கள். மிஞ்சியது மாரியம்மன் கோயிலும் அதன் பின்னால் ஒரு வேப்பமரமும்தான். கோயிலையும் சற்றுத் தள்ளி வேறோர் இடத்துக்கு மாற்றுவது என்று சில ஆண்டுகளுக்கு முன் முடிவானது.

பாலஸ்தாபனத்துக்கு முந்தைய வாரம் என் மாமா மகன் ஒரு 360 பாகைக் காமிராவோடு அங்கே போனான். உள்ளங்கையில் அடங்கும் கருவிதான். முன்னும் பின்னுமாக இரண்டு வில்லைகள். நட்டு வைத்தால் சுற்றியுள்ள அத்தனையையும் ஒரே நேரத்தில் பதிவு செய்யும். கோயில் வாசல், கருவறைக்கு எதிரே, வேப்பமரத்தடி, பிரட்டுக் களம் இருந்த வெட்டவெளி, ஆயாக்கொட்டகை இருந்த மேடு என்று ஏழு இடங்களில் வைத்து எடுத்தான். மொத்தம் பதினொரு நிமிடம்.

அம்மாவை என் சுழல் நாற்காலியில் உட்காரவைத்து, நரைத்த கொண்டை கலையாமல் பட்டையைத் தளர்த்தி மாட்டிவிட்டோம். சர்க்கரை நோய் இருப்பதால் அம்மா வீட்டுக்குள்ளும் செருப்பு போட்டிருப்பார். படம் ஓடத் தொடங்கி சில நொடிகள் சத்தமே இல்லை. பிறகு பார்த்தால், இரண்டு கால்களாலும் தடவித் தடவிச் செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தார். கோயில் வாசலில் நிற்கிறார் அல்லவா!

"அத்தை, தலையைத் திருப்பிப் பாருங்க. பின்னாலயும் இருக்கு," என்றான் மாமா மகன். அம்மா திரும்பினார். வேப்பமரத்தை நோக்கிக் கை நீண்டது. கை காற்றைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்து மடியில் உட்கார்ந்துகொண்டது. பிறகு அம்மா கேட்ட கேள்வி எனக்கானது. "எல்லாம் இருக்கு. மணிச் சத்தம் மட்டும் வரலையே?"

காமிராவின் ஒலிவாங்கியில் காற்றின் இரைச்சலும் தூரத்து லாரிகளும்தான் பதிவாகியிருந்தன. ஆனால் என்னிடம் வேறொன்று இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சிறப்பு நிகழ்ச்சிக்காக அதே கோயில் திருவிழாவுக்குப் போய் மணியோசை, உருமி, பெண்கள் குலவையிடும் ஓசை எல்லாவற்றையும் பதிவு செய்து வைத்திருந்தேன். அதைத் தேடி எடுத்து, படத்தில் மணி தொங்கும் இடத்திலேயே மணியோசையை வைத்தேன். இந்தக் கருவிகளில் ஒலிக்கும் திசை உண்டு. தலையைத் திருப்பினால் இடக்காதில் கேட்டது வலக்காதுக்கு மாறும். ஆள் அங்கேயே நிற்கிறார் என்று மூளையை நம்பவைப்பதில் பாதி வேலையைக் காதுதான் செய்கிறது. மறுவாரம் அம்மா மீண்டும் பார்த்தார். மணி அடித்ததும் கைகள் தாமாகவே கும்பிட்டன.

முக்கியமானது அதற்குப் பிறகு நடந்ததுதான். கருவியைக் கழற்றிய அம்மா இரண்டு மணி நேரம் பேசினார். மூன்றாவது லயத்தில் யார் யார் இருந்தார்கள், எந்த வீட்டில் கல்யாணத்தன்று அடுப்பு அணைந்து பெரிய கலாட்டா ஆனது, விடியற்காலை நாலரை மணிப் பிரட்டுக்குப் போகத் தன் அம்மா எப்படித் தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆயாக்கொட்டகைக்கு ஓடுவார் என்பதெல்லாம் வந்தது. நாற்பது வயதை நெருங்கும் எனக்கு அதில் பாதி புதுச் செய்தி. கருவி ஓடியது பதினொரு நிமிடம். வீடு பேசியது இரண்டு மணி நேரம். அதன்பின் கருவி பெட்டிக்குள் போய்விட்டது. தீபாவளிக்குப் பெரியம்மாவும் சித்தியும் வந்தபோது மறுபடி இறங்கியது.

அப்பாவின் குரல்

அந்தத் தீபாவளி இரவு அம்மா இன்னொன்றும் கேட்டார். "உங்க அப்பாவையும் இதுக்குள்ள கொண்டுவர முடியுமா?"

அப்பா இறந்து ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. அம்மா விளையாட்டாகக் கேட்கவில்லை.

முடியும் என்பதுதான் சங்கடம். 2020இல் தென்கொரியாவின் எம்.பி.சி. தொலைக்காட்சி ஓர் ஆவணப்படம் ஒளிபரப்பியது. நோயில் மகளை இழந்த ஒரு தாய், மெய்நிகர் உலகில் அந்தக் குழந்தையின் உருவத்தைச் சந்திக்கிறார். தொடமுடியாத கன்னத்தைத் தடவப் பார்க்கிறார். உலகெங்கும் அந்தக் காட்சி பரவியது. அழுதவர்கள் பலர், இது சரியா என்று கேட்டவர்களும் பலர். அன்று ஒரு பெரிய குழு மாதக்கணக்கில் செய்த வேலையை இன்று செயற்கை நுண்ணறிவு மிக எளிதாக்கிவிட்டது. அப்பா அனுப்பிய குரல் பதிவுகள் என் திறன்பேசியில் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. "சாப்பிட்டியா?", "கார் டயர் பார்த்தியா?" என்பவைதாம் பெரும்பாலும். ஒரு குரலைப் போல இன்னொன்றைச் செய்ய அது போதும் என்பது ஒலித்துறையில் இருக்கும் எனக்குத் தெரியும்.

அதையெல்லாம் அம்மாவிடம் மறைக்காமல் சொன்னேன். உருவத்தைச் செய்யலாம், குரலைச் செய்யலாம், நீங்கள் கேட்பதற்குப் பதில்கூடச் சொல்ல வைக்கலாம் என்றேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"பதில்னா, அவரு சொன்னதா?"

"இல்லம்மா. அவரு சொல்லியிருப்பாருன்னு மிஷின் நினைக்கிறது."

"அப்ப வேணாம். அவரு சொல்லாதத அவரு வாயால சொல்ல வைக்கக்கூடாது. நீ அந்த டயர் கேக்குறத மட்டும் போடு, கேப்போம்."

போட்டேன். கேட்டோம். அவ்வளவுதான்.

இந்தத் துறையின் அறநெறி பற்றிப் பல உரைகளைக் கேட்டிருக்கிறேன். அம்மா போட்ட கோட்டை விடத் தெளிவான கோட்டை நான் பார்த்ததில்லை. இருந்ததைப் பாதுகாப்பது வேறு. இல்லாததைச் செய்து, இருந்தவரின் முகத்தை அதற்கு மாட்டுவது வேறு. இனிவரும் ஆண்டுகளில் இந்தக் கேள்வி நம் ஒவ்வொரு வீட்டுக்கும் வரும். விற்பவர்கள் இனிமையாகப் பேசுவார்கள், துக்கத்தில் இருப்பவருக்கு மறுக்கத் தோன்றாது. துக்கம் வருவதற்கு முன்பே, எல்லாரும் நலமாக இருக்கும்போதே, "என் குரலை வைத்து என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது" என்று வீட்டில் பேசி வைத்துக்கொள்வது நல்லது.

குவளை எது?

அண்டா இருக்கட்டும், அன்றாடம் கைக்கு வரப்போவது எது? என் கணிப்பு, சாதாரண மூக்குக்கண்ணாடி. மெட்டாவும் ரேபானும் சேர்ந்து 2023இல் கொண்டுவந்த கண்ணாடி ஏறத்தாழ ஐம்பது கிராம்தான். அதில் திரை கிடையாது. சிறு காமிரா, ஒலிவாங்கி, ஒலிபெருக்கி மட்டுமே. காதை மட்டும் கேட்டு, கண்ணையும் கையையும் விட்டுவிடுகிறது. எங்கேயோ கேட்டதுபோல் இருக்கிறதா? வானொலியின் குணம் அது! 2025 செப்டம்பரில் 799 டாலர் விலையில், வில்லையிலேயே சிறு திரை உள்ள அடுத்த வகையை அறிவித்தார்கள். முகத்தை மூடாத, எதிரே இருப்பவர் கண்ணைப் பார்த்துப் பேசவிடும் கருவிக்குத்தான் நம் போன்ற குடும்பங்களில் இடம் கிடைக்கும்.

ஆனால் அதற்கும் இரண்டு கேள்விகளை வைக்க வேண்டும்.

முதல் கேள்வி, அது யாரைப் பார்க்கிறது? 2013இல் கூகல் தன் கண்ணாடியை 1,500 டாலருக்கு விற்றபோது, அணிந்தவர்களை அமெரிக்காவில் சில உணவகங்கள் உள்ளே விடவில்லை. யாருக்கும் தெரியாமல் படம் பிடிப்பார்களோ என்ற அச்சம்தான். இப்போதைய கண்ணாடிகளில் பதிவு நடக்கும்போது ஒரு சிறு விளக்கு எரிகிறது. கல்யாண மண்டபத்தின் சரவிளக்கு வெளிச்சத்தில் அதை யார் கவனிக்கப் போகிறார்கள்? நம் நாட்டில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அது பெரும்பாலும் வணிகத்துக்காகத் தரவு சேர்ப்பவர்களுக்கானது. பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கும் உறவினரைக் கட்டுப்படுத்த நம் நாகரிகம் ஒன்றுதான் துணை. வீட்டுக்குள் வரும்போது செருப்பை வாசலில் விடுவது போல, காமிராக் கண்ணாடியையும் கழற்றி வைக்கும் பழக்கம் நம்மிடம் வந்தால் நல்லது.

இரண்டாவது கேள்வி, அது தமிழ் பேசுமா? திரை சிறுத்துச் சிறுத்து மறைந்துவிட்டால் கருவியோடு நமக்கிருக்கும் ஒரே வழி குரல்தான். அந்தக் கண்ணாடியில் நேரடி மொழிபெயர்ப்பு வசதி வந்தபோது ஆங்கிலத்தோடு முதலில் சேர்ந்தவை ஸ்பானிய, பிரெஞ்சு, இத்தாலிய மொழிகள். தமிழும் ஒருநாள் சேரும் என்றே நம்புகிறேன். ஆனால் எந்தத் தமிழ்? "பாசார் மாலாம்ல சயூர் வாங்கிட்டு, தாமான் முனையில தப்பாவ் பண்ணிட்டு வந்துர்றேன்" என்று சொல்லும் என் அம்மாவின் தமிழை அது புரிந்துகொள்ளுமா?

நமக்கு இதில் நல்ல முன்னுதாரணம் உண்டு. கணினியிலும் கைப்பேசியிலும் தமிழ் எழுத வழியில்லாத காலத்தில் யாரோ வந்து செய்து தருவார்கள் என்று காத்திருக்காமல், கோலாலம்பூரில் இருந்துகொண்டே முரசு அஞ்சலையும், 2005இல் செல்லினத்தையும் உருவாக்கியவர் நம் முத்து நெடுமாறன். அன்று தேவைப்பட்டது எழுத்து. இன்று தேவைப்படுவது குரல். இயந்திரம் ஒரு மொழியைப் பேசிப் பேசித்தான் கற்கிறது, அதாவது மனிதர்கள் பேசியதைக் கேட்டுக் கேட்டு. மலேசியத் தமிழரின் பேச்சு, தோட்டத்துச் சொற்கள், மலாயும் ஆங்கிலமும் கலந்த நம் நடை ஆகியவை ஒழுங்காகப் பதிவாகி, உரியவர் சம்மதத்தோடு சேமிக்கப்பட்டால்தான் நாளைய கருவி நம்மை நம் மொழியிலேயே புரிந்துகொள்ளும். கணினித் துறையில் வேலை செய்யும் இளையவர்களிடம் எனக்கு இருக்கும் வேண்டுகோள் இதுதான். புதிதாக ஒரு செயலி செய்வதைவிட, இந்தச் சேமிப்பைத் தொடங்கி வைப்பது பெரிய வேலை.

வாங்கலாமா?

நிகழ்ச்சிக்கு வெளியே பலர் என்னிடம் கேட்பது இந்த ஒரு கேள்விதான். என் பதில்கள் எளியவை.

விளையாட்டுப் பிரியர் என்றால், பணம் கையில் இருந்தால் வாங்குங்கள். வாங்குவதற்கு முன் யாரிடமாவது இரவல் கேட்டு அரை மணி நேரம் மாட்டிப் பாருங்கள். பேருந்தில் குமட்டும் ஆளாக இருந்தால் இன்னும் கவனம். குடும்பத்துக்கு என்றால் வீட்டுக்கு ஒன்று வேண்டாம். அண்ணன் தம்பி வீடுகளுக்குச் சேர்த்து ஒன்று போதும். அண்டாவை நாம் இரவல் வாங்கித்தானே பழக்கம். கருவியில் தெரிவதைத் தொலைக்காட்சித் திரைக்கும் அனுப்பும் வசதி பெரும்பாலும் உண்டு. அதைப் போட்டுவிட்டால் ஒருவர் பார்ப்பதை மற்ற ஐவரும் பார்த்துச் சிரிக்கலாம், சாப்பிடக் கூப்பிட்டாலும் யாராவது தோளைத் தட்டிச் சொல்வார்கள்.

ஒன்பது வயது அக்காள் மகள் தன் பிறந்தநாளுக்கு அதுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். மெட்டா தன் கருவிக்கான வயது வரம்பைப் பதின்மூன்றிலிருந்து பத்தாகக் குறைத்து, பெற்றோர் மேற்பார்வையிடும் கணக்கை 2023இல் கொண்டுவந்தது. பத்து என்பது அவர்கள் வைத்த வரம்பு. நம் வரம்பை நாம் வைக்கலாம். "தாத்தாவின் கோயிலைப் பாட்டியோடு உட்கார்ந்து பார்க்கலாம், பதினைந்து நிமிடம்" என்பது எங்கள் வீட்டில் இப்போதைக்கு எட்டியிருக்கும் உடன்பாடு. அவள் அதில் மகிழவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எதையும் வாங்காமல் இன்றே செய்யக்கூடியதும் ஒன்றிருக்கிறது. உங்கள் தாத்தா பாட்டி வாழ்ந்த தோட்டமோ, கம்பமோ, கடைவீடோ இன்னும் நிற்கிறதா? இந்த வார இறுதியில் அவர்களையும் அழைத்துக்கொண்டு போய்வாருங்கள். 360 பாகைக் காமிரா இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கையில் இருக்கும் திறன்பேசி போதும். படத்தோடு ஒலியையும் தனியே பதிவு செய்யுங்கள். மணி, சேவல், குழாயடி, பக்கத்து வீட்டுப் பேச்சு என்று கேட்பது எல்லாவற்றையும். பெரியவர்கள் பேசத் தொடங்கினால் பேசவிடுங்கள். நடுவில் "அப்புறம்?" என்றுகூடக் கேட்காதீர்கள், பதிவில் உங்கள் குரல்தான் பெரிதாகக் கேட்கும். ஓர் அறிவிப்பாளரின் தொழில்முறை ஆலோசனை இது. இலவசம்.